காற்றைக் கொஞ்சம் விடு

முதல் நேரலையைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் ஒருவன் நான்.
சரியாக ஓடுகிறதா என்று
இன்னொரு கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபரோ தீவுகளில் எங்கள் ஊருக்குக் கிடைத்த
ஒரே சமதரை அந்த மைதானம்.
இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் அட்லாண்டிக்.
பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்துவர
துடுப்போடு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.
மூன்றாம் பிரிவு அணி.
கோல்கீப்பர் தெய்துர்
வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.

"இதில் பந்து எது, ஆடு எது?"
கோபன்ஹேகனிலிருந்து ஒருத்தி கேட்டாள்.
நியாயமான கேள்வி.
சிக்னல் இளைக்க இளைக்க
ஆட்கள் தேய்ந்து கட்டங்களானார்கள்,
கட்டங்கள் தேய்ந்து
பச்சையில் நாலு புள்ளி.
"பேசுவது நீயா, ஹோக்னி, காற்றா?"
இது கிரீன்லாந்துக்கு மேற்கே
ஒரு மீன்பிடிக் கப்பலின் அடுக்களையிலிருந்து.
தெய்துரின் அண்ணன் தான்யால்,
அங்கே சமையற்காரன்.

குளிர்காலம் முழுக்க அதையே யோசித்தேன்.

சூரியனைப் பார்த்து நின்ற கேமராவை
முதுகு காட்ட வைத்தேன்.
முக்காலியின் வயிற்றில்
ஏழு கிலோ கல்லைத் தொங்கவிட்டேன்.
சுன்னேவாவின் சமையலறை ஜன்னல் வழியே
அறுபது மீட்டர் கேபிள் இறங்கி வந்தது;
மைதானத்துக்கு அறுபத்திரண்டு.
அந்த இரண்டு மீட்டருக்காக
அவள் மேசையை நகர்த்தினாள்,
மோடத்தை ஜன்னல் விளிம்பில் ஏற்றினாள்,
தொண்ணூறு நிமிடம்
மைக்ரோவேவைத் தொடமாட்டேன் என்று
தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள்.
நான் கேட்கவே இல்லை.

மைக்குக்குக் கடையில் விற்கும் மயிர்க்குல்லாய்
கப்பலில் வர மூன்று வாரம்.
பார்துரின் கொட்டகையில்
கழுவாத ஆட்டுரோமம் மூட்டை மூட்டையாக.
ஒரு பிடி எடுத்துச் சுற்றினேன்.
நாற்றம் திரையில் தெரியாது.

எல்லாம் திருந்தியது,
தாமதம் தவிர.
இங்கே நடப்பது அங்கே போய்ச்சேர
இருபத்திரண்டு நொடி.
எந்தப் பொத்தானுக்கும் அது மசியவில்லை.

மே மாதத்து முதல் ஆட்டம்.
முப்பத்தோராவது நிமிடத்தில் பெனால்டி.
உதை. தெய்துர் வலப்பக்கம் பாய்ந்தான்.
பந்து இடப்பக்கம் போனது.
வலையிலிருந்து அதை அவன்
குனிந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது
திரையில் எழுத்து வந்து விழுந்தது:
"இடப்பக்கம் பாய்டா, தம்பி!"

அங்கே இன்னும் யாரும் உதைக்கவில்லை.
அங்கே அவன் தம்பி
கோட்டின் மேல் கைவிரித்து நிற்கிறான்.
பதில் எழுதப் போன விரலை
மடக்கிக்கொண்டேன்.
போகிற படம் போய்ச் சொல்லட்டும்.
அதுவரை
அவன் கையில் கரண்டியும் நம்பிக்கையும்.

இடைவேளைக்குள் நாலு கோல், நாலும் எங்களுக்கு எதிராக.
ஆனால் ஒலி!
புல்லில் பூட்ஸ் கிழிப்பது கேட்டது.
நடுவர் பல்லுக்குள் திட்டியது கேட்டது
(பாதிரியார் வீட்டிலிருந்து புகார் வந்தது).
பார்ப்பவர்கள் நாற்பத்தொன்று.
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு
தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தான்யால்:
"காற்று எங்கே போச்சு?
யார் ஊரோ மாதிரி இருக்கு.
கொஞ்சம் விடு."

கோபம்தான் வந்தது முதலில்.
ஒரு குளிர்காலம் ஐயா அது.
பிறகு ரோமத்தின் ஓரத்தை
இரண்டு விரல் அளவுக்கு விலக்கினேன்.
உஸ்ஸென்று உள்ளே வந்தது.

இருபத்திரண்டு வரை எண்ணினேன்.
நாற்பது வரை.
அறுபது வரையும்.
அவன் ஒன்றும் எழுதவில்லை.
வறுவல் அடிப்பிடித்திருக்கலாம்.
பார்ப்பவர் எண்ணிக்கை மட்டும்
நாற்பத்தொன்றிலேயே நின்றது.

அடுத்த ஞாயிறுக்குள் வாங்கவேண்டியது:
கேபிள், எழுபது மீட்டர்.