ஒரு பெட்டி மெழுகுதிரி

முதலில் தகரத்தை எண்ணினேன்.
ஜெசிந்தா வீட்டுக் கூரையில் முப்பத்திரண்டு,
எங்களுக்கு இருபத்தெட்டு.
ஒரே வீட்டுத்திட்டம், கையெழுத்து வைத்ததும் ஒரே நாள்.
பிறகு நண்டு.
அவள் மனுசன் வலை இழுத்தால் நீலக்கால் நண்டு,
என் மனுசன் இழுத்தால் சாதாளை.
பிறகு அவள் மூத்தவன் அனுப்பும் பிரான்ஸ் காசு.

இதெல்லாம் சின்ன எரிச்சல்கள்.
பூசையில் கரையும்,
வீட்டுக்கு வந்தால் திரும்ப உறையும்,
மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் மாதிரி.

ஒன்று மட்டும் கரையவேயில்லை.
அவளுக்கு ஒரு கல்லறை இருக்கிறது.

இடம்பெயர முந்திய வருசம்
றெக்சன் காய்ச்சலில் போனான்.
அன்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்,
பொய்யில்லாமல்.
என் யூட்டை வட்டுவாகல்வரை
கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
என் கை மட்டும் வந்தது.

இரணைமாதாநகர்ச் சேமக்காலையில்
றெக்சனுக்கு நீல ஓடு பதித்த கல்லறை,
கண்ணாடிக்குள் படம்,
பிறந்தது ஒன்று, இறந்தது ஒன்று என்று
இரண்டு திகதி.
எனக்கு ஒரு திகதிதான் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்:
"பாதர், எனக்குப் பொறாமை."
"எதில?"
"ஒரு குழியில."
இளம் பாதர். கொஞ்சநேரம்
மூச்சு மட்டும் கேட்டது.
மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
மூன்றும் வேலை செய்யவில்லை.

மரித்தோர் நாள். பின்னேரம் மழை தூறியது.
குழி உள்ளவர்கள் குழியடிக்குப் போனார்கள்.
நாங்கள் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடிக்கு.
அங்கே எங்கள் பிள்ளைகளின் திரிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு,
முகாமில் தண்ணிக்கு நின்ற மாதிரி.

ஜெசிந்தா வரவில்லை.
சீனி கூடி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என்றார்கள்.
நீல ஓட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.
சொல்லத்தான் வேண்டும்,
முதலில் எனக்குச் சந்தோசம்.
இன்றைக்கு அவளுக்கும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கரை ஞாபகம் வந்தது.
கரிநெருப்பில் மீன் சுட்டுக் கொடுத்து,
மறுத்தவனிடம் மூன்றுதரம் அன்பு கேட்டு,
ஆண்டவர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட காலை.
கையில் மீன் மணம் போகமுன்னம்
அவன் திரும்பிப் பார்க்கிறான்,
பின்னால் வருகிறவனை.
இவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறான்.
கடல்தொழில் செய்கிறவன்தானே,
பக்கத்து வள்ளத்தை எண்ணித்தான் பழக்கம்.
ஆண்டவர் அவனை அடிக்கவில்லை.
அது உன் கணக்கில்லை,
நீ வா என்றார்.

வா என்றால் எங்கே?
பத்தடி தூரம்.
என் பெட்டியில் பத்துத் திரி,
பத்தும் யூட்டுக்கென்று வாங்கியது.
ஐந்தைக் கொண்டு போனேன்.
நெருப்புப்பெட்டி நனைந்து, நாலு குச்சி வீண்.
குடையை நாடியால் இடுக்கிக்கொண்டு கொளுத்தினேன்.
சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன்.
அதே முன்பல்.
ஒரே சைக்கிளில் இரண்டு பேரும்
நாச்சிக்குடாவுக்குப் போய்
முழங்கால் உடைத்துக்கொண்டு வந்த பல்.

"றெக்சன், அங்க யூட்டைக் கண்டால்..."
தொடங்கியதை நிறுத்தினேன்.
அவன் அங்கேதான் என்று
நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
அந்தக் கணக்கும் என்னுடையதில்லை, ஆண்டவரே.
நீரே வைத்திரும்.

ஒரு கிழமையால் ஜெசிந்தா வந்தாள்.
சேமக்காலைக்குப் போய்விட்டு
நேரே என் வாசலுக்கு:
"எந்த விசரியடி மெழுகை வடிய விட்டது?
நல்ல ஓடு முழுக்கக் கறை!"
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
சுரண்டவென்று கொண்டுவந்த கத்தியை
மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், இருட்டும்வரை.

இன்று காலை அவள் ஆடு
இரண்டு குட்டி போட்டிருக்கிறது.
என் ஆடு ஒன்று.
எண்ணிவிட்டேன்.
எண்ணிய பிறகு வேலியால் கையை விட்டு
அவளுடைய சின்னதன் கழுத்தைச் சொறிந்தேன்.