மூன்றாம் கட்டம்

ருமேனியா, பக்காவ் நூற்பாலை, எண்பத்தாறாம் வருடம்.
மாதத்தின் முதல் செவ்வாய்
கதிர்கள் சுழன்றபடி இருக்க
பெண்களை மட்டும் கீழே அழைப்பார்கள்.
நான் பதிவேட்டுக்காரி.
பெயர். பிள்ளைகள் எத்தனை.
மூன்றாம் கட்டத்தில் உண்டு, அல்லது இல்லை.

பாலுக்கு வரிசை, விளக்கு எட்டு மணிக்கே அணையும்.
அதையெல்லாம் கவனிக்க நேரமில்லாத அரசாங்கத்துக்கு
எங்களுக்கு நாள் தள்ளிப்போனால் மட்டும்
அன்றே தெரியவேண்டும்.

ஒத்தீலியா மொராரு, நூல் சுற்றுபவள், பிள்ளைகள் மூன்று.
ஜனவரியில் உண்டு என்று எழுதினேன்,
நல்ல கையெழுத்தில்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.
மருத்துவர் கை கழுவிவிட்டு வந்து
நின்றுகொண்டே இருந்தார்.
அரசு வக்கீல் நாற்காலி இழுத்துப் போட்டு
தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார்.
"யார் செய்தது? பெயர் சொல்லுங்கள் அம்மா,
சொன்னதும் அவர் தொடுவார்."
எவ்வளவு மரியாதையான குரல்!
மெத்தையைத் தாண்டி
எனாமல் பேசினில் சொட்டிக்கொண்டிருந்தது.
தண்ணீர் கேட்டாள்.
சின்னவனுக்கு பூட்ஸ் கடைக்கு வந்துவிட்டதா
என்று என்னைக் கேட்டாள்.
பெயர் சொல்லவில்லை.

மார்ச்.
அவள் வரியில் சிவப்புக் கோடு போடச் சொன்னார்கள்,
போட்டேன்.
அடுத்து நிகுலினா, பத்தொன்பது வயது,
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
என் பேனாவையே பார்த்தாள்.
"உண்டு," என்றார் மருத்துவர்.
மை உறைந்திருந்தது. முனையை ஊதிச் சூடாக்கி
இல்லை என்று எழுதினேன்.
அவர் குனிந்து படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்,
ரொம்ப நேரம்.

"அடுத்தவர்."