பத்து லட்சத்தில் பன்னிரண்டு

ஓவுலு நகரத்துச் சோதனை அறையில்
எப்போதும் இருபத்தைந்து டிகிரி.
மேசைமேல் கிடந்த பதினேழாம் எண் கழுத்துப்பட்டை
சொன்ன அலைவெண்ணில்
நூல் பிசகாமல் நின்று பேசியது.
கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தேன்.

ஜனவரி முதல் வாரம் இனாரியிலிருந்து தொலைபேசி.
“உங்கள் பட்டைகள் செத்துவிட்டன” என்றாள்
சுன்னா வல்லே, வணக்கம்கூடச் சொல்லாமல்.
மான்கள்?
“இருக்கின்றன. கண்ணுக்கு எதிரே நிற்கின்றன.
எதிரே நிற்பதைக் காட்ட எனக்குப் பட்டை எதற்கு?”

ஏழு மணி நேரம் வண்டி ஓட்டினேன்.
சூரியன் வராத ஊர்; நண்பகலில்
வானத்தின் ஓரம் கொஞ்சம் நீலமானது, அவ்வளவுதான்.
அவள் குடிசைக்குள் அடுப்பு கனன்றது.
அடுப்பை ஒட்டிய பலகையில், பச்சை விளக்கெரிய,
ரிசீவர்.
போன குளிர்காலம் வெளியே கம்பத்தில் தொங்கியது.
உள்ளே கொண்டுவரச் சொன்னது
கையேட்டின் நான்காம் பக்கம்.
அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்.

சாப்பாட்டுக்கு இடம் வேண்டுமென்று
அவள் அதைத் தூக்கி வெளியே
பனிவண்டியின் இருக்கையில் வைத்துவிட்டு வந்தாள்.
மைனஸ் முப்பத்தெட்டு.
மீன் சூப் பாதிக் கிண்ணம் தாண்டியிருக்காது,
வெளியே ஒரு சத்தம்.
நாற்பத்தொன்று பேசியது. பிறகு ஆறு.
பிறகு பதினேழு, நேற்றுவரை செத்திருந்தது.

அரிசியைவிடச் சிறிய குவார்ட்ஸ் சில்லு.
நொடிக்கு இரண்டு கோடியே அறுபது லட்சம் முறை துடிக்கும்.
குளிரக் குளிர முதலில் கொஞ்சம் முந்தும்,
இன்னும் குளிர்ந்தால் பிந்தும்.
முப்பத்தெட்டுக்குக் கீழே
பத்து லட்சத்தில் பன்னிரண்டு.
கடிகாரமென்றால் நாளுக்கு ஒரு நொடி,
யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.
வானொலியில் அது பத்து கிலோஹெர்ட்ஸ்.
நான் வைத்த வாசல் ஆறு.
கதவென்று நினைத்துப் பக்கத்துச் சுவரை
ராத்திரி முழுக்கத் தட்டியிருக்கின்றன
அறுபது மான்கள்.

போன வருடம் ரிசீவரும் அதே குளிரில் விறைத்து
அதே அளவு தவறியது.
இரண்டும் ஒரே பக்கம் தவறியதால்
தவறென்றே எவருக்கும் தெரியவில்லை.

“அப்படியானால் அடுப்படியில் இருந்தது பொய் சொன்னதா?”
இல்லை. அது ஒன்றுதான் சரியாக இருந்தது.
சுன்னா கிண்ணத்தை நக்கித் துடைத்தாள்.
“சரியாக இருந்து?”

திரும்பி வந்து குளிர்ப்பெட்டியில் வைத்தோம்,
ஒவ்வொரு பட்டையையும்,
மைனஸ் ஐம்பதிலிருந்து நாற்பதுவரை, இரண்டிரண்டு டிகிரியாக.
ஒரே தட்டில் அறுத்த அறுபது சில்லுகள்;
வளைவுகளோ அறுபது விதம்.
ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தாறு வரிகளில் ஒரு பட்டியல்:
இந்தக் குளிரில் நீ இவ்வளவு பிந்துவாய்,
ஆகவே இவ்வளவு முந்திப் பேசு.
சில்லை நாங்கள் திருத்தவில்லை.
அது அப்படித்தான் பிந்துகிறது இன்னும்.

பட்டியலுக்கு வயது தெரியாது.
ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை என்று
சில்லு மூத்துக்கொண்டே போகும்.
அதனால் ரிசீவருக்கும் ஒரு வேலை வைத்தோம்:
செய்திக்கு முந்திய முனகலைக் கேள்,
எங்கிருந்து வருகிறதோ அங்கே நகர்ந்துகொள்.
காதை அகலத் திறந்தால் இரைச்சலும் நுழையும் என்று
தைஸ்தோ மூன்று நாள் சண்டை போட்டான்.
அவன் சொன்னது உண்மை. நுழைகிறது.

கையேட்டின் நான்காம் பக்கத்தில்
இனி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று எழுதினேன்.
சுன்னா கம்பத்திலேயே வைத்திருக்கிறாள்.

ஒவ்வொரு செய்தியின் வாலிலும்
எவ்வளவு திருத்திக்கொண்டது என்ற எண் ஒன்று வருகிறது.
காலையில் காபியோடு உட்கார்ந்து
முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.
இன்று பதினேழுக்குப் பதின்மூன்று.
நாற்பதைத் தாண்டிவிட்டது அங்கே.