மழைக்கு ஒரு கட்டம்

ஒரே ப்ராஜெக்ட்தான்.
ஆம்ஸ்டர்டாம்காரர் திறந்தால் பச்சை,
எங்கள் டைரக்டர் திறந்தால் மஞ்சள்,
நான் திறந்தால் சிவப்பு.
யாரும் பொய் சொல்லவில்லை.
அவரவர் டாஷ்போர்டை அவரவருக்கு வேண்டியபடி
இழுத்து, நகர்த்தி, அடுக்கிக்கொள்ளலாமென்று
சொல்லித்தான் விற்றார்கள்.

எண்பத்தைந்துக்குக் கீழே போனால் மஞ்சள் என்றிருந்ததை
ஞாயிறு இரவு பதினொன்றேகாலுக்கு
எழுபது என்று மாற்றியவள் நான்.
எண்கள் அசையவில்லை. கோடுதான் இறங்கி வந்தது.
திங்கட்கிழமை கான்ஃபரன்ஸ் அறையில்
"பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்றார் டைரக்டர்.
நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
சர்க்கரையே போடாத காபியை.

4417 மட்டும் தேறவில்லை.
மூன்று முறை மூடினோம்.
மூன்று முறையும் டெஸ்டர் ஜெபர்சன் திறந்துவிட்டான்.
கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்:
'மழை பெய்தால் மட்டும் வருகிறது.'

ஆறாவது மாடி முழுக்கச் சிரித்தது.
அவன் பதில் பேசாமல்
டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்தான்:
சோழிங்கநல்லூர், இன்று, மில்லிமீட்டரில்.
போன நவம்பரை எடுத்து
தோற்றுப்போன பில்டுகளின் கோட்டுக்குமேல் வைத்தான்.
இரண்டும்
ஒரே குடைக்குள் போகிறவர்கள் மாதிரி
ஒட்டி ஒட்டி ஏறின,
சேர்ந்தே இறங்கின.

மழை வந்தால் இணைப்பு அறுந்து
மாற்றுக் கம்பிக்குத் தாவும்.
தாவுகிற ஒன்பது விநாடியில்
ஒரே ஆர்டரை இரண்டு முறை எழுதிவிடும்
நாங்கள் எழுதியது.

"கிளையண்ட்டுக்கு எதுக்கும்மா வானிலை அறிக்கை?
அங்க வருஷம் பூரா மழைதான். எடுத்துடு."
எடுத்தேன்,
அவர் திரையிலிருந்து, ஆம்ஸ்டர்டாம் திரையிலிருந்து.
என் திரையில்
வெலாசிட்டி இருந்த மேல்மூலையில் அதைக் குடிவைத்தேன்.
எழுபதை மறுபடி எண்பத்தைந்தாக்க மட்டும்
கை வரவில்லை.

இன்று ஐப்பசி பத்து.
மத்தியானம் மூன்றுக்கே விளக்கு போட்டுவிட்டார்கள்.
ஈஞ்சம்பாக்கம் பக்கமிருந்து இருட்டு நடந்து வருகிறது.
கட்டத்தில் இன்னும் 0.0.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது கண்விழிக்கும்.
கண்ணாடிச் சுவரில்
முதல் துளி விழுந்து கோணலாக இறங்குவதை
ஜெபர்சன் பார்க்கிறான்,
பிறகு என்னை.

இந்த முறை
4417ஐ நானே திறக்கிறேன்.