நாற்பத்தொன்பது டிகிரியில் ஒரு கைவேலை

ஷுவைக் தொழிற்பேட்டை, காலை ஏழேகால்.
தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பதினோரு இடத்துக்கு
நாற்பது வண்டிகள் முட்டிக்கொள்கின்றன.
நான் மட்டும் வெட்டவெளி தேடிப் போய்
முன்கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டி நிறுத்துகிறேன்.
நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு
உள்ளே போகிறாள் மேரிசெல்.

டாஷ்போர்டில் சிலிக்கான் தட்டு.
மஃபின் சுடுவேன் என்று வாங்கி
இதுவரை மஃபினே பார்த்திராத ஆறு குழி.
அதில் எல்.கே.ஜி. முதல் சேர்ந்த கிரேயான் துண்டுகள்,
தலை போனவை, கடிபட்டவை,
சோஃபாவுக்கு அடியில் முடி சுற்றிக் கிடந்தவை.
நேற்றிரவு சோறு வடிகிற நேரத்தில்
காகிதம் உரித்துப் போட்டேன்.
என் பங்கு அவ்வளவுதான்.
கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம்.
ஜூலை பார்த்துக்கொள்ளும்.

ஜெனிலாவுக்கு விடுமுறை.
இரண்டாம் மாடி ஷீபா வீட்டில் இருக்கிறாள்,
மணிக்கு முக்கால் தினார்.
பத்தரைக்கு அழைத்தாள்: "அம்மா, போர்."
பதினொன்றுக்கு: "அம்மா, லிஃப்ட் செய்யலாமா?"
பொம்மை வீடு கேட்கிற வயதில்
கதவு திறந்து மூடுகிற லிஃப்ட் கேட்கிறாள்.
ஒன்பதாம் மாடிக்காரி.
அவள் முதலில் படித்த எண்கள்
அந்த எஃகுப் பலகையில்தான் இருந்தன.

மதியம் அரை மணி.
வலது கை தக்காளிச் சோற்றில், மவுஸ் இடது கையில்.
சரக்குக் கணக்கு எழுதுகிற அதே எக்செல்லில்
புதுத் தாள் ஒன்று திறந்து,
வரிசைகளை இறுக்கிக் கட்டங்களைச் சதுரமாக்கி
ஒன்பது பொத்தான்,
ஏறும் அம்பு, இறங்கும் அம்பு,
ஆபத்துக்கு அடிக்கிற மணி.
மணி நான்கு தடவையும்
கவிழ்த்த டம்ளராகவே வந்தது.
கிடக்கட்டும் என்று விட்டேன்.
கோப்புக்கு 'தம்மாம் பழைய நிலுவை' என்று பெயர்,
ஒருத்தரும் திறக்க மாட்டார்கள்.
முப்பத்தெட்டு இன்வாய்ஸ்களுக்கு நடுவே
ஒரே ஒரு பக்கம் செருகி அச்சடித்தேன்.

ஐந்தரைக்கு வண்டிக் கதவைத் திறந்தால்
குப்பென்று மெழுகு வாடை.
ஐந்து குழியில் ஐந்து நிறக் குளம்.
ஆறாவதில் மிச்சமெல்லாம் கலந்து
பேர் சொல்ல முடியாத ஒன்று,
ஆறிப்போன மீன்குழம்பின் ஆடை மாதிரி.
தட்டு சாய்ந்த பக்கம் சிவப்பு வழிந்து
ஏசி ஓட்டைக்குள் இறங்கியிருந்தது.
டொமினிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.
நான் செருப்பைக் கழற்றும்போது
அவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார்.
அந்த இரண்டு நிமிடத்தில் எதைத்தான் சொல்வது.

ஃப்ரீசரில் பத்து நிமிடம், நெத்திலிப் பொட்டலத்தின் மேல்.
தட்டைக் கவிழ்த்ததும் பொத்தென்று விழுந்தன
உள்ளங்கை அளவு கிரேயான்கள்.
கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி லிஃப்டானது,
அலுமினியத் தாள் கதவானது.
தூக்கி இறக்க நூல் தேடிக் கிடைக்காமல்
டொமினிக்கின் மாற்று லேஸை உருவினேன்.
இதையும் சொல்ல வேண்டும்.

ஜெனிலா பேரில்லாத நிறத்தைத்தான் எடுத்தாள்.
ஒன்பது பொத்தானுக்கும் பூசிவிட்டு
ஓரத்தில் பத்தாவதாக ஒன்று வரைந்தாள்.
ஷு எழுத வராது அவளுக்கு.
'சுவைக்' என்று எழுதியிருந்தாள்.

அழுத்திப் பார்த்தேன்.
"அது போகாது," என்றாள்,
"மெயின்டனன்ஸ்."
கீழ்மாடி ஹாரிஸ் ஒட்டுவது போலவே
ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டினாள், கோணலாக.
பிறகு என் கையைத் தள்ளிவிட்டு
ஒன்பதை அழுத்தினாள்.
லேஸ் சிக்கி, நான்காம் மாடியில் நின்றது லிஃப்ட்.
கவிழ்ந்த டம்ளரை அவள் அடிக்க,
நான் பல் தேய்த்தபடியே ஓடி வந்தேன்.

காலையில் ஏசியைப் போட்டதும்
வண்டி முழுக்க கிரேயான் மூச்சு.
தகரக் கூரைக்குக் கீழே, அதிசயமாக,
ஓர் இடம் காலி.
பக்கத்து சீட்டில் இன்னொரு தட்டு,
அதில் நேற்றைய பிறந்தநாள் மெழுகுவத்திகள்,
ஷீபா கொடுத்தவை.
கூரையைத் தாண்டி
வெயிலுக்குப் போனேன்.