ஓரெஸ்டின் ஆப்பு

இரவல் வாங்கிய ரம்பத்தின் பெட்டியைத் திறந்தேன்.
கீழ்க்காப்பின் இடுக்கில்
ஒரு மரத்துண்டு செருகியிருந்தது.
கட்டைவிரல் நீளம்,
எண்ணெய் குடித்துக் கறுத்தது.

காப்பு என்பது அலகின் இமை.
மரத்தைத் தொட்டால் திறக்கும்,
மரத்தை விட்டால் மூடும்.
ஓரெஸ்ட் அதைத் திறந்தபடியே
அறைந்து வைத்திருந்தான்.
பதினோரு வருடமாய் உறங்காத கண்.

"சனியன், மாட்டிக்கொண்டே இருக்கும்.
கூரைமேல் நிற்பவனுக்கு ஏது பொறுமை?"
என்றான் தொலைபேசியில்.
"எண்ணிக்கொள் ஹல்லா, பத்து விரலும் இருக்கிறது."
என் கணவரின் தம்பி.
இருபது வருடமாய் அவன் சொல்லும் ஒரே வாதம்.

நவம்பர் பத்தொன்பது.
கிம்லியில் ஏரி
பாலில் ஏடு படிவதுபோல்
கரையோரம் கட்டத் தொடங்கியிருந்தது.
அது முழுக்க இறுகுவதற்குள்
எனக்கொரு மீன்பிடிக் கூண்டு வேண்டும்:
ஆறடிக்கு எட்டடி,
தகர அடுப்பு, தரையில் இரண்டு துளை,
யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஜன்னல்.

முதலில் மின்செருகியைப் பிடுங்கினேன்.
பிறகு குறட்டால் ஆப்பை.
காப்பு பாதி மூடி நின்றுவிட்டது.
திருகைக் கழற்றினால் உள்ளே
தேன்கட்டியாய்ப் பைன் பிசின்.
இதுதானா அவனுடைய சனியன்?
மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க ஆறு நிமிடம்.
டக்.
டக்.
அந்தச் சத்தம் பிடித்துப்போய்
ஏழெட்டு முறை திறந்து மூடினேன்.

கழுத்துத்துணியை ஆணியில் மாட்டினேன்.
கையுறையையும்தான்; விரல்கள் குளிர்ந்தால் குளிரட்டும்.
அலகு பலகைக்கு அடியில்
ஒரு பல் மட்டும் தலைகாட்டும்படி ஆழம் வைத்தேன்.
பலகையின் அழகான முகம் கீழே,
பற்கள் கீழிருந்து மேலே கடிப்பதால்.
வயரைத் தோளில் போட்டுக்கொண்டேன்.
கோட்டுக்கு நேர்பின்னால் நிற்கவில்லை,
லாரிக்கு வழிவிடுபவளைப்போல்
இடப்பக்கம் ஒதுங்கி, இரண்டு கையாலும் பிடித்து.

எட்டு வெட்டு. எட்டும் நூல் பிடித்ததுபோல்.
ஒவ்வொன்றின் முடிவிலும்
அலகு ஓய்ந்த பிறகே கீழே வைத்தேன்.

ஒன்பதாவதுக்கு மணி நாலரை. இருட்டு.
அடியில் விரிக்கும் நுரைப்பலகையை
எடுத்துவரப் பத்தடி நடக்க வேண்டும்.
நடக்கவில்லை.
இரண்டு முக்காலிக்கு நடுவே
பலகையைப் பாலம்போல் போட்டேன்.
தெரியும். தெரிந்தேதான்.

பாதியில் பாலம் தொய்ந்தது.
வெட்டின் உதடுகள் ஒட்டிக்கொண்டன.
ரம்பம் கத்தவில்லை,
அரை மூச்சு நேரம் வாயடைத்து நின்றது.
பிறகு எழும்பி,
வந்த வழியே, என்னை நோக்கி.

விரல் விசையை எப்போது விட்டதென்று தெரியாது.
கை இரண்டையும் இழுத்துக்கொண்டு
அது என் வலது இடுப்பைக் கடந்தது.
டக்.
மூடிய இமைக்குள்
அலகு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
கால்சட்டையின் வலப்பையில்
மரத்தூளால் ஒரு கோடு.
அந்தப் பைக்குள்தான் ஆப்பு இருந்தது.

பனிச்சக்கரக் குவியல்மேல் உட்கார்ந்தேன்.
முழங்கால்கள் தங்களுக்குள் எதையோ பேசிக்கொண்டன.
ஆப்பைப் பிடுங்கியவருக்கு என்ன ஆகும் என்று
ஒரு பழமொழி உண்டு.
எனக்கு வால் இல்லாததால் பொருந்தவில்லை.

மீதிப் பாதியை மறுநாள் வெட்டினேன்,
நுரைப்பலகை விரித்து.

ஜனவரியில் ஓரெஸ்ட்
தூண்டில் புழுக்களோடு கூண்டுக்கு வந்தான்.
ஜன்னலைப் பாராட்டினான்.
அடுப்பருகே கை நீட்டியபடி,
"ரம்பத்தில் என் ஆப்பு இல்லையே" என்றான்.
"குளிர்காய்ந்துகொண்டிருக்கிறாய்" என்றேன்.
சிரித்தான். மீன் ஒன்றும் சிக்கவில்லை.

மார்ச்சில் மறுபடி இரவல் கேட்டேன்.
பெட்டியைத் திறந்தால்
புது ஆப்பு. மேப்பிள். பால் வெள்ளை.
நடுவில் இருந்த பிசினைக்கூட
யாரோ துடைத்திருந்தார்கள், அப்படியும் ஆப்பு.

மின்செருகி. குறடு. டக்.
இதுவரை நான்கு எரித்திருக்கிறேன்.
மேப்பிள்தான் நின்று எரிகிறது.