நாலு கிலோ இருநூறு

குலசேகரத்தில் ஏறினால் தக்கலை வழியாக
நாகர்கோவிலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
பெனிஷாவுக்கு இடப்பக்க ஜன்னல்தான் வேண்டும்,
கம்பியைப் பிடிக்கிற கை அந்தப் பக்கம்.
வலது கை மடியோரம் கிடக்கும்,
உள்ளங்கை பின்னால் திரும்பி,
யாரிடமோ மறைவாகக் காசு வாங்குவதுபோல்.

இன்று பதினேழாவது வாய்தா.
அவளுக்கு ஆறு வயது முடிந்தது.

அந்த ராத்திரி தலை வந்துவிட்டது,
தோள் வரவில்லை.
ஒரு நர்ஸ் ஸ்டூலில் ஏறி
என் வயிற்றில் முழங்கையை ஊன்றினாள்.
இன்னொருத்தி இழுத்தாள், அழுதுகொண்டே,
இருபது வயதுகூட இருக்காது அவளுக்கு.
டாக்டர் போனில் இருந்தார்.
ஸ்பீக்கரில், ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தத்தின் ஊடே
இழு, இழு என்றது போன்.

நான் ஒரு சத்தம் கேட்டேன்.
என்ன சத்தம் என்று எழுதித் தரச் சொன்னார்
வக்கீல் ரூபிபாய்.
நாலு நாள் பேனாவும் கையுமாக இருந்தேன்.
மண்ணைத் தோண்டாமல் மரச்சீனியைப் பிடுங்கினால்
உள்ளே ஒன்று அறுமே,
அது.
பிரமாணப் பத்திரத்தில் அது
'அதீத இழுவிசையால் நரம்புச் சேதம்' ஆயிற்று.

கேஸ் ஷீட்டில் அந்த எட்டு நிமிடம் இல்லை.
டாக்டர் உடனிருந்தார் என்று இருக்கிறது.
குழந்தை எடை மூன்று கிலோ இருநூறு என்று இருக்கிறது.
மூன்று மட்டும் வேறு நீலம்.
பதினோராம் நாள் வீட்டுக்கு வந்த கிராம நர்ஸ்
தூளியில் தொங்கவிட்டு எழுதிய அட்டை
என் கையில் இருக்கிறது:
நாலு கிலோ இருநூறு.
தாய்ப்பால் நல்லது, ஆனால் அவ்வளவு நல்லதில்லை
என்றார் ரூபிபாய். ஒரே ஒரு தடவை சிரித்தோம்.

நான் பால் வெட்டுகிறவள்.
விடியுமுன் தலையில் லைட் கட்டி
முன்னூறு மரம், நானும் கிங்ஸ்லினும்.
கத்தி பட்டையில் எதுவரை போகலாம் என்று
கைக்குத் தெரியும்.
ஒரு நூல் கூடினால் தடி தெரியும்,
பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாகத்தான் வளரும்.
சூப்பர்வைசர் டார்ச் அடித்துப் பார்ப்பார்,
மாதக் கூலியில் பிடிப்பார்.
மரத்துக்கு விதி சரியில்லை என்று
எந்த எஸ்டேட்டிலும் சொன்னதில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை.
பெனிஷாவுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.
சுகர் இருந்ததா?
இருந்தது.
டாக்டரிடம் சொன்னீர்களா?
டாக்டர்தான் என்னிடம் சொன்னார்.
பக்கம் புரட்டினார்.
அவ்வளவு பெரிய பிள்ளை என்று தெரிந்தும்
ஆபரேஷன் வேண்டுமென்று ஏனம்மா கேட்கவில்லை?

ரூபிபாய் எழுந்தார். மெதுவாக,
முட்டுவலிக்காரி எழுவதுபோல.
எவ்வளவு பெரிய பிள்ளை, சார்?

மின்விசிறி மட்டும் சுற்றியது.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி
கேஸ் ஷீட்டை முகத்தருகே கொண்டுபோனார்.
டாக்டர் என்னைப் பார்த்தார்,
ஆறு வருடத்தில் முதல் தடவை.
ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.
அடுத்த மாதம் இருபத்திரண்டு என்றார்கள்.

வெளியே படியில் உட்கார்ந்து
பெனிஷா மிட்டாய்த்தாளின் ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறுமுனையைத் திருகினாள்.
முப்பத்தைந்து சதவீதம் என்று
மெடிக்கல் போர்டு சொன்ன கை
சும்மா இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் இடப்பக்கம் எல்லாம் ஆள்.
வலப்பக்க ஜன்னல்தான் கிடைத்தது.
முகம் சுருங்கும் என்று பார்த்தேன்.
வில்லுக்குறி தாண்டியதும்
இடது கையால் வலது கையைத் தூக்கி,
விரல் விரலாக மடக்கி
கம்பியில் மாட்டினாள்.
தக்கலைவரை அதை அப்படியே
பிடித்துக்கொண்டு வந்தாள்.